ஜன்னல் துடைப்பதும் வீட்டுக்குள் பசுமை வைப்பதும்: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வீடு சுத்தம் செய்து கொடுக்கும் வேலையை எட்டு வருடமாகச் செய்து வருகிறேன். வேலை முடிந்து வாளியைக் கவிழ்க்கிற நேரத்தில்தான் வீட்டுக்காரர்களுக்குச் சந்தேகம் வரும். "அக்கா, ஒன்னு கேக்கணும்" என்று ஜன்னலில் ஆரம்பிப்பார்கள். "இந்த மூலையில ஒரு செடி வச்சா நல்லாருக்குமா" என்று போய் முடியும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் வருகிற இயற்கையில் முதல் இடம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும்தான். அந்த வழியை அடைத்து வைத்துவிட்டுச் செடி, மூங்கில், மண்பானை என்று வாங்கி அடுக்குவது காசைக் கரியாக்குகிற வேலை.

வருடத்துக்கு எத்தனை தடவை ஜன்னல் துடைக்க வேண்டும்?

உள்பக்கம் மாதம் ஒரு தடவை போதும். வெளிப்பக்கத்துக்கு நாள் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் ஆடி மாதம் வெளிக்கண்ணாடியைத் துடைத்தால், மறுநாள் சாயங்காலமே அதில் விரலால் பெயர் எழுதலாம். காற்று ஓய்ந்த பிறகு ஆவணியில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை விட்டதும் போகிக்கு முன்னால் ஒரு தடவை, வெயில் ஏறுவதற்கு முன் மாசி, பங்குனியில் ஒரு தடவை. இந்த மூன்றும் தெரு வீட்டுக்குப் போதும். பஸ் போகிற ரோட்டு மேல் வீடு என்றால் மாதாமாதம்தான், வேறு வழியில்லை. கல்குவாரி, கிரஷர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது மண் தூசி இல்லை, கல் தூசி. காய்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கோடு விழும். முதலில் தண்ணீர் தெளித்துக் கழுவி இறக்கிவிட்டு, பிறகு துணி போடுங்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

எல்லோரும் நேரே கண்ணாடிக்குப் போவார்கள். கண்ணாடி கடைசி. முதலில் மேலே ஒட்டடை, அப்புறம் திரைத்துணியைக் கழற்றி ஊறப் போடுவது, அப்புறம் கொசுவலை, கம்பி, சட்டம், ஸ்லைடிங் ஜன்னல் ஓடுகிற தண்டவாளம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கண்ணாடி. சாதாரண மண் தூசியைக் காய்ந்த நிலையிலேயே பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட வேண்டும். தூசி மேல் தண்ணீர் பட்டால் அது தூசி இல்லை, சேறு. சேற்றைக் கண்ணாடி முழுக்கப் பூசிவிட்டு "எவ்வளவு தொடைச்சாலும் போகல" என்கிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

என்ன போட்டுத் துடைத்தால் பளிச்சென்று வரும்?

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட் இருக்கிறதே, அதில் கால்வாசி. ஒரு லிட்டர் தண்ணீரில் அவ்வளவுதான். இல்லையென்றால் பாத்திரம் கழுவும் லிக்விட் மூன்று சொட்டு. நுரை அதிகம் வந்தால் வேலையும் அதிகம், ஏனென்றால் அந்த நுரையைத் துடைக்க இன்னொரு தண்ணீர் வேண்டும். கடையில் விற்கிற நீலத் திரவம் அவசரத்துக்கு நல்லது. ஆனால் தடித்த அழுக்குக்கு அது தாங்காது, பாட்டில்தான் காலியாகும்.

துணி பற்றி: புது டவல் வேண்டாம், பஞ்சு உதிரும். பல தடவை துவைத்து நைந்த வேட்டித் துணி, பனியன் துணி, அல்லது மைக்ரோஃபைபர் துணி. பழைய செய்தித்தாளும் நன்றாகவே துடைக்கும். வெள்ளைச் சட்டத்தில் மை ஒட்டும், அது ஒன்றுதான் தொல்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கம்பி நாரும் கண்ணாடி பக்கமே வரக்கூடாது.

"எங்க ஆத்தா அரிக்கேன் விளக்கு சிமினிய விபூதி போட்டுத்தான் தொடைப்பாங்க, ஜன்னலுக்கும் போடலாமா" என்று விளாங்குடியில் ஒரு பெரியவர் கேட்டார். சலித்த நயமான விபூதி சிமினிக்குச் சரி. அடுப்புச் சாம்பலில் மணல் கலந்திருக்கும், ஜன்னலில் அதைப் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

வைப்பர் போட்டாலும் கோடு கோடாக நிற்கிறதே?

வைப்பரின் ரப்பர் முனை தேய்ந்திருக்கும், அல்லது ஒவ்வொரு இழுப்புக்கும் அதைத் துடைக்காமல் விட்டிருப்பீர்கள். பத்து, பன்னிரண்டு அங்குல வைப்பர் வீட்டுக்குப் போதும். சோப்புத் தண்ணீரைப் பஞ்சால் பூசுங்கள். மேல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் துணியால் காய வைத்துக்கொள்ளுங்கள். வைப்பரை அந்தக் காய்ந்த இடத்தில் வைத்து இழுக்க ஆரம்பித்தால் தண்ணீர் திரும்பி மேலே ஏறாது. ஒரு இழுப்பு, ரப்பரைத் துணியில் ஒரு துடைப்பு, அடுத்த இழுப்பு முந்தியதன் மேல் இரண்டு விரல் ஏறி வர வேண்டும்.

என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று: உள்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் வெளிப்பக்கத்தைக் குறுக்காகவும் இழுங்கள். கடைசியில் ஒரு கோடு மிச்சமிருந்தால், அது நிமிர்ந்து நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று பார்த்தாலே எந்தப் பக்கத்துக் கோடு என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் உள்ளே வெளியே என்று நடந்தே கால் ஓய்ந்துவிடும்.

வெயிலில் துடைக்கலாமா?

கூடாது. தண்ணீர் துடைப்பதற்குள் காய்ந்து கறையாகும். அதைவிட, சித்திரை மதியத்தில் சுட்டுக் கிடக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை வீசினால் விரிசல் விடவும் கூடும். காலை எட்டு மணிக்குள், அல்லது வெயில் சாய்ந்த பிறகு.

கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. என்ன செய்தாலும் போகவில்லை. ஏன்?

எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான். போர் தண்ணீர். இந்த ஊரின் பல பகுதிகளில் போர் தண்ணீரில் உப்பு கூடுதல். கால்சியமும் மக்னீசியமும் கலந்தது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், சுண்ணாம்பு கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஹீட்டர் கம்பியில் படிகிற அதே வெள்ளைதான் இது. வாசல் தெளிக்கும்போது பட்டது, மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது, செடிக்கு ஓஸ் பிடித்தது எல்லாம் சேர்ந்து அடுக்கடுக்காக ஏறும். சோப்புக்கு அது கரையாது. புளிப்புக்குத்தான் கரையும்.

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, அதில் நனைத்த துணியைத் திட்டின் மேல் ஒட்ட வைத்தாற்போல் பத்து நிமிடம் விடுங்கள். எடுத்துவிட்டு மெல்லத் தேய்த்தால் விரலுக்கு நறநறவென்று தட்டுப்பட்டது வழவழப்பாகியிருக்கும். பழைய கறைக்கு இரண்டு, மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டித் தேய்த்தாலும் வேலை நடக்கும்.

இங்கே என் சொந்த முட்டாள்தனம் ஒன்று. ஆரம்பக் காலத்தில் ஒரு வீட்டில் ஜன்னலுக்கு எலுமிச்சை தேய்த்துவிட்டு, அடித்திண்டில் வடிந்த சாற்றை அப்படியே விட்டுவிட்டேன். திண்டு கடப்பாக் கல். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பளபளவென்றிருந்த கறுப்பில் சாறு ஓடிய வழியெல்லாம் சாம்பல் நிறக் கோடு. கடப்பாக் கல்லும் மார்பிளும் சுண்ணாம்பு வகைக் கல். கண்ணாடியில் இருக்கும் உப்பைக் கரைக்கிற புளிப்பு அந்தக் கல்லையும் கரைக்கும். மறுபடி பாலிஷ் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அதிலிருந்து திண்டு மேல் முதலில் ஈரத் துணி, அதன் மேல் பிளாஸ்டிக் தாள், பிறகுதான் வினிகர் பாட்டில் மூடியையே திறப்பது.

பாத்ரூம் ஆசிட் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அலுமினியச் சட்டம் கறுத்துப் பொரிந்துபோகும், கம்பி துரு ஏறும், அந்த நெடி நெஞ்சைப் பிடிக்கும். ஆசிட்டோ வினிகரோ பிளீச்சிங் பவுடரோடு சேரவே கூடாது, குளோரின் வாயு வரும்.

எல்லாம் செய்தும் மங்கல் போகவில்லை என்றால், உப்பு வருடக்கணக்காக இருந்து கண்ணாடியையே அரித்திருக்கும். அதற்கு சீரியம் ஆக்ஸைடு பொடி போட்டுக் கண்ணாடிக்காரர்தான் பாலிஷ் பிடிக்க வேண்டும். சின்னக் கண்ணாடி என்றால் மாற்றிவிடுவது லாபம்.

சரி, மறுபடி வராமல் இருக்க? கடைசிக் கழுவலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். ஏசியிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுகிறதே, அந்தத் தண்ணீரை ஒரு வாளியில் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, அதில் உப்பே கிடையாது. துணியில் வடிகட்டிக்கொண்டால் கண்ணாடிக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. குடிக்கத்தான் ஆகாது. ஏசி இல்லாத வீட்டில் ஐப்பசி மழையில் முதல் அரை மணி நேரத்தை விட்டுவிட்டு, பிறகு பிடித்த மழைத்தண்ணீர்.

சமையலறை ஜன்னலில் பிசுக்கு?

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திர லிக்விட் கொஞ்சம் தாராளமாக, கம்பிகளுக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடா. அலுமினியத்துக்குத் துணி துவைக்கும் சோடா மட்டும் வேண்டாம், நிறம் போகும். தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள்.

மழை பெய்தால் ஸ்லைடிங் ஜன்னலில் தண்ணீர் உள்ளே வழிகிறது. ரிப்பேரா?

பெரும்பாலும் ரிப்பேர் இல்லை, அழுக்கு. அந்தத் தண்டவாளத்தின் அடியில் வெளிப்பக்கமாகச் சின்னத் துவாரங்கள் இருக்கும். மழைத்தண்ணீர் வெளியே வடிவதற்கு என்றே வைத்தது. ஆடி மாதத்து மண்ணும், பூச்சி இறக்கையும், பல்லி முட்டை ஓடும் சேர்ந்து அதை அடைத்துவிடும். பழைய டூத்பிரஷ்ஷால் கிளறி, வேக்குவம் இருந்தால் உறிஞ்சி, ஈர்க்குச்சியால் துவாரத்தைக் குத்தித் திறந்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே வடிந்தால் சரி. ஐப்பசி பிறப்பதற்குள் செய்துவிட வேண்டிய வேலை இது. ஒரு வீட்டில் இதற்காக ஜன்னலையே மாற்றச் சொல்லி எஸ்டிமேட் வாங்கி வைத்திருந்தார்கள். ஆறு ஈர்க்குச்சியில் முடிந்தது.

கொசுவலையை எப்படித் துவைப்பது?

வெல்க்ரோவில் ஒட்டியது என்றால் மெதுவாக உரித்து, சோப்புத் தண்ணீரில் அரை மணி ஊறப் போட்டு, கசக்காமல் அலசி, நிழலில் காயப் போடுங்கள். சட்டத்தில் அடித்தது என்றால் காய்ந்த பிரஷ்ஷால் உள்ளிருந்து வெளியே தட்டுங்கள். வலையில் தூசி அடைத்துக்கொண்டால் காற்று நுழையாது. "ஃபேன் போட்டும் புழுக்கம்" என்கிற வீடுகளில் நான் முதலில் பார்ப்பது வலையைத்தான்.

மாசி வீதிப் பக்கம் பழைய வீடு. மர ஜன்னல், இரும்புக் கம்பி. இதற்கு என்ன?

கொடுத்து வைத்தவர்கள். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது; இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணி. பெயிண்ட் அடிக்காத தேக்கு என்றால் வருடத்துக்கு ஒரு தடவை ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லப் பூசினால் மரம் உயிர் பிடித்த மாதிரி நிறம் திரும்பும். எண்ணெய் தொட்ட அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயப் போட்டுத்தான் எறிய வேண்டும். கம்பியில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் ஒரு கை, மேலே எனாமல் பெயிண்ட். நிலையோரத்தில் மண் கோடு ஏறியிருந்தால் அது கறையான். துடைத்துவிட்டால் போய்விட்டது என்று நினைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

பெயிண்ட் அடித்தவர்கள் கண்ணாடி முழுக்கப் பொட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எப்போதும் நடப்பதுதான். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரால் நன்றாக நனைத்து, புது பிளேடைச் சாய்வாகப் பிடித்து ஒரே திசையில் தள்ளுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் கோடு விழும். டஃபன்ட் கண்ணாடியாக, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியாக இருந்தால் பிளேடு வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ எடுங்கள்.

மாடி ஜன்னலின் வெளிப்பக்கத்தை எப்படித் துடைப்பது?

சன்ஷேடு மேல் ஏறி நிற்காதீர்கள். அது வெயிலும் மழையும் தடுக்கக் கட்டியது, ஆளைத் தாங்கக் கட்டியது இல்லை. பழைய வீடுகளில் உள்ளே கம்பி துருவேறி, மேலே சிமென்ட் மட்டும் நன்றாகத் தெரியும். நீளக் கைப்பிடி வைப்பரால் உள்ளிருந்தே எட்டுகிற வரை துடையுங்கள். நம் ஊர்ச் சந்துகளில் மின்கம்பி ஜன்னலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் போகும். அலுமினியக் குச்சியும் ஈரமும் அங்கே வேண்டவே வேண்டாம். எட்டாத கண்ணாடி எட்டாமலே இருக்கட்டும்.

புறா எச்சம்?

காய்ந்ததைச் சுரண்டாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து ஊறவிட்டு வழித்தெடுங்கள்.

ஒரு குருவி தினமும் காலையில் கண்ணாடியைக் கொத்துகிறது. சகுனமா?

சகுனமில்லை, சண்டை. கூலிங் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து, எல்லைக்குள் வேறொரு ஆள் வந்துவிட்டதாக நினைத்துக் கொத்தும். கொண்டைக்குருவியும் தேன்சிட்டும் அதிகம் செய்யும். வெளிப்பக்கத்தில் ஒரு பழைய துணியைச் சில வாரம் தொங்கவிட்டால் அதுவும் நிம்மதியாகக் கூடு கட்டும், நீங்களும் தூங்கலாம்.

ஜன்னல் சுத்தமானாலும் வீடு இருட்டாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பக்கவாட்டு ஜன்னலே கிடையாது. அதனால்தான் அந்தக் காலத்தில் நடுமுற்றம் வைத்தார்கள். இப்போது அந்த முற்றத்துக்கு மேல் ஷீட் போட்டு மூடிவிட்டு லைட்டைப் போட்டுக்கொள்கிறோம். ஷீட்டைக் கழற்ற முடியாவிட்டால் நடுவில் இரண்டு தகடையாவது ஒளி ஊடுருவும் தகடாக மாற்றுங்கள்.

மற்றபடி ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர்த் தடிப்பு, அதாவது உள்வளைவு, வெள்ளையாக இருக்க வேண்டும். வெளிச்சம் அதில் பட்டுத்தான் அறைக்குள் தெறிக்கிறது. எமல்ஷனைவிடச் சுண்ணாம்பு வெள்ளை எனக்குப் பிடிக்கும். கண்ணைக் கூசாது, சுவரின் ஈரமும் வெளியேறும். 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைப் போய்ப் பாருங்கள், சுண்ணாம்பு வேலை வெளிச்சத்தை எப்படி ஏந்துகிறது என்று தெரியும். அப்புறம், ஜன்னலை மறைத்து நிற்கிற பீரோவை நகர்த்துங்கள். பத்து வீட்டில் ஆறில் அதுதான் மருந்து.

எந்தத் திசை ஜன்னலில் என்ன செடி வைக்கலாம்?

கிழக்குதான் ராஜா. இளவெயில் வந்து பத்து மணிக்குள் போய்விடும். கற்பூரவள்ளி, கற்றாழை, மணி பிளான்ட் எல்லாம் வரும். எனக்குப் பிடித்தது வெற்றிலைக் கொடி. சோழவந்தான் கொடிக்காலில் அகத்தி மர நிழலில் ஏற்றி வளர்ப்பார்கள். நிழலும் ஈரமும் அதன் குணம். கிழக்கு ஜன்னலில் தொட்டியில் வைத்து, ஜன்னல் கம்பியிலேயே ஏற்றிவிட்டால் அதுவே பச்சைத் திரை. தண்ணீர் வற்றக்கூடாது, தேங்கவும் கூடாது. விருந்தாளிக்கு இரண்டு வெற்றிலை கிள்ளிக் கொடுக்கிற சுகம் தனி.

மேற்கு ஜன்னல் மூன்று மணிக்கு மேல் அடுப்பு. கற்றாழையும் ஸ்னேக் பிளான்ட் என்கிற மருளும் தாங்கும், இலை மெலிந்த செடி பொசுங்கும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று ஒரு பேச்சு இருக்கிறது. வடநாட்டுக்கு அது பெரும்பாலும் சரி, மதுரைக்குப் பாதிதான் சரி. நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து பத்து பாகைக்கும் சற்றுக் குறைவான தூரத்தில். சித்திரை பிறந்து இரண்டு, மூன்று நாளில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும். அதற்குப் பிறகு ஆவணி பத்து வாக்கில் திரும்பி வரும் வரை சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அந்த நாலு மாதம் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் விழும். மற்ற மாதங்களில் அது தெற்கு ஜன்னலுக்கு. அதனால் நான் வருடத்துக்கு இரண்டு தடவை செடிகளை இடம் மாற்றிவிடுவேன்.

குழந்தையோ பூனையோ இருக்கிற வீட்டில் மணி பிளான்ட்டும் டிஃபன்பேக்கியாவும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும்.

மதுரையில் இருந்துகொண்டு வீட்டுக்குள் மல்லிகை இல்லையென்றால் எப்படி?

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, ஆனால் அது வெயில் செடி. ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் இலை தழைக்கும், மொட்டு வராது. மொட்டை மாடியிலோ பால்கனியிலோ முழு வெயிலில் வையுங்கள். வீட்டுக்குள் பூக்கடையில் வாங்கிய மொட்டைச் சாயங்காலம் ஒரு பித்தளைத் தட்டில் போட்டு ஜன்னலோரம் வைத்தால் போதும். காற்று வீசும்போது அறை முழுக்க மணக்கும்.

செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகிவிடுமாமே?

நர்சரியில் சொல்வது. 1989-ல் அமெரிக்காவின் நாசா செய்த ஒரு சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு இது. அந்தச் சோதனை காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் நடந்தது. வீடு பெட்டி இல்லை. 2019-ல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், திறந்த ஜன்னல் செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும், சிலவற்றுக்கு ஆயிரம்கூட வேண்டும் என்று சொன்னார்கள். உங்கள் ஹாலில் சோபா போட இடமிருக்காது. செடியை அழகுக்கு வையுங்கள், மனசுக்கு வையுங்கள். காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

தண்ணீர் பாட்டிலில் மணி பிளான்ட், உருளியில் பூ. கொசு வருமா?

வரும். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இந்த மாதிரி நல்ல தண்ணீர்தான் வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு நாள், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை, தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டும், ஏசித் தண்ணீர் பிடிக்கிற வாளியும் இதே கணக்கில்தான்.

கூடவே ஒன்று: லக்கி பேம்பூ என்று விற்கிறார்களே, அது மூங்கிலே இல்லை. டிரசீனா என்கிற வேறு செடி. அதிர்ஷ்டம் வருமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மண், மூங்கில், கோரை, பனையோலை: எதை வாங்கினால் நிலைக்கும்?

மண்ணுக்கு மானாமதுரை. ராமேஸ்வரம் ரோட்டில் போகும்போது நிறுத்தி வாங்கலாம். கடம் செய்கிற ஊர், மண் பக்குவம் அவர்களுக்குக் கைவந்தது. பொம்மை வேண்டுமென்றால் மதுரைக்குப் பக்கத்திலேயே விளாச்சேரி. புதுத் தொட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டுச் செடி வையுங்கள். இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றிய தண்ணீரைத் தொட்டியே குடித்துவிடும். கொஞ்ச நாளில் வெளியே வெள்ளையாகப் பூக்கும். பூஞ்சை என்று பயந்து தூக்கிப் போட்டவர்கள் உண்டு. கண்ணாடியில் பார்த்தோமே, அதே போர் தண்ணீர் உப்புதான். காய்ந்த பிரஷ் போதும். பஞ்சு மாதிரி புசுபுசுவென்று இருந்தால்தான் பூஞ்சை.

மூங்கில் தட்டிக்கு அடியில் கோதுமை மாவு மாதிரி தூள் கொட்டினால் வண்டு குடியேறிவிட்டது. நல்ல சித்திரை வெயிலில் இரண்டு, மூன்று நாள் போட்டு, தட்டி, வேப்பெண்ணெய் தடவுங்கள். கோரைப் பாயைச் சுவரில் மாட்டினால் அழகுதான். ஈரச் சுவரில் மாட்டக் கூடாது, அதன் மேல் செடித்தொட்டி வைக்கக் கூடாது. பனையோலைப் பெட்டிகள் தூசியை நன்றாகப் பிடிக்கும், மாதம் ஒரு தடவை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். தட்ட நேரமில்லாதவர்கள் ஒன்றே ஒன்று வாங்குங்கள். பிளாஸ்டிக் செடி மட்டும் வேண்டாம், அதைத் துடைப்பதற்கு ஜன்னலையே துடைத்துவிடலாம்.

வெட்டிவேர் தட்டி உண்மையிலேயே குளிர்ச்சியா?

பங்குனி முதல் வைகாசி வரை, காற்று காய்ந்திருக்கும்போது, ஆமாம். காற்று நனைந்த வேரின் வழியாக வரும்போது வேரிலிருக்கும் தண்ணீர் ஆவியாகும், அதற்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்ட காற்று உள்ளே குளிர்ந்து வரும். பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். ஐப்பசியில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும், அப்போது நனைத்தால் குளிர்ச்சி வராது, பூஞ்சை நாற்றம்தான் வரும். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மாட்டுங்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் பிறகு எந்தத் திரையாலும் பாதிதான் பிரயோஜனம். இதற்கும் உப்புத் தண்ணீர் ஆகாது, வேர் வெளுத்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

திரைக்கு என்ன துணி?

பீரோவின் அடியில் கட்டாமல் கிடக்கிற பழைய சுங்குடிச் சேலையை எடுங்கள். நைந்த பருத்தி, வெளிச்சத்தை வடிகட்டி விடும், காற்றையும் மறிக்காது. ஐந்தரை மீட்டர் சேலையை நாலாக வெட்டினால், மடித்துத் தைத்தது போக நாலடி உயர ஜன்னல் இரண்டுக்கு ஜோடித் திரை வரும். காலை வெயிலில் அந்த வெள்ளைப் புள்ளிகள் மட்டும் தனியாக எரிகிற மாதிரி தெரியும். மேற்கு ஜன்னலில் போட்டால் சாயம் ஒரே கோடையில் வெளுத்துவிடும், கிழக்கில் போடுங்கள். முதல் தடவை கல் உப்புத் தண்ணீரில் தனியாக நனையுங்கள், கூட வெள்ளைத் துணி எதையும் போட்டுவிடாதீர்கள்.